வால்வுப் பெட்டியும் என் பாம்புக் காதும்

எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்தது அந்த வால்வுப் பெட்டி. அதற்கு லேசாகத் தொண்டை கட்டினாலும் என்னைப் பெற்ற அய்யாவுக்குச் சோறு இறங்காது. மைக்கில் பேசுகிற சன்னமான குரலை முதலில் வாங்கி, கொஞ்சம் தேற்றி, பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவைப்பது அதன் வேலை. உள்ளே இரண்டு கண்ணாடி வால்வுகள்; அவை சூடேறிச் சிவந்த பிறகுதான் பெட்டி வாய் திறக்கும். சாயல்குடி சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும் அய்யாவின் ரேடியோ செட்தான். மழை ஏமாற்றிய வருசங்களில் எங்களுக்குச் சோறு போட்டதும் அதுதான்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அய்யா திடீரென்று பெட்டிக்கு வயதாகிவிட்டது என்றார். சத்தம் எழும்பவில்லையாம், சொல் தெளிவாக விழவில்லையாம். புது வால்வு போட்டு இதையே ஓட்டுவதா, ஓரங்கட்டிவிட்டு டிரான்சிஸ்டர் பெட்டி வாங்குவதா என்று மூன்று வாரம் ஒரே யோசனை. வாங்குவதென்றால் அம்மாவின் கறவை மாட்டை விற்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் அம்மா பெட்டியைத் திட்டினாள்.

என் பயம் வேறு. எனக்குப் பெட்டி எப்போதும்போலத்தான் கேட்டது. எனக்குப் பாம்புக் காது என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர் அய்யா. செட் கட்டி முடித்ததும் என்னைக் கண்மாய்க் கரைக்கு அனுப்பிவிட்டு மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட காதுக்கு, அய்யாவுக்குத் தெரிகிற கோளாறு ஏன் தெரியவில்லை? போன மாதம்தான், போகாதே என்று சொல்லியும் கேட்காமல் ஊருணியில் குதித்து ஆடி, காதுக்குள் தண்ணீர் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என் காது போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு காதருகே விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்ப்பேன். கேட்கும். அப்படியும் நம்பிக்கை வராது.

கடைசியில் அய்யா பெட்டியையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றி ராமநாதபுரத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் திறந்து பார்த்து, இரண்டு வால்வையும் சோதித்து, "அண்ணே, இதுல ஒரு குறையும் இல்ல. இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார். அய்யா ஒப்பவில்லை. பிள்ளையே சொல்லட்டும் என்று என்னைத் தெருவில் நிறுத்திவிட்டு, கடை மைக்கில் எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு எண்ணும் கணீரென்று வந்து விழுந்தது.

"ஏத்தா, மந்தமாத்தான இருக்கு?"

நன்றாகக் கேட்கிறது என்றால், அய்யாவுக்குத் தெரிகிற மந்தம்கூடத் தெரியாத என் காதின் லட்சணம் தெரிந்துவிடும். பின்னாலேயே ஊருணியும் வெளியே வரும். மெக்கானிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா, மந்தமாத்தான் இருக்கு" என்றேன்.

அய்யாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அடுத்த சந்தையில் மாடு போனது. சாட்சி சொன்னவள் என்பதால் அம்மா என்னோடும் இரண்டு நாள் பேசவில்லை.

புதுப் பெட்டி முதலில் பாடியது ஒரு காதுகுத்து வீட்டில். குழந்தைகள் பயந்து அழுதன. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள்மேல் ஆள் வந்தார்கள். அய்யாவோ இன்னும் கூட்டினார். பிறகு முகம் வாடிப்போய், நான் நின்ற இடத்துக்கே நடந்து வந்தார்.

"இது எப்பிடித்தா இருக்கு?"

"நல்லாருக்குய்யா" என்றேன் மெதுவாக.

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் என் சொல்லைக் கேட்டார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கடையில் பொய் சொன்ன வாயைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, பாவாடை நுனியால் அதை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.