உப்புத்தாள் கணக்கு

என்னிடம் ஒரு பழைய கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எலி கடித்ததா என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். எலி கடிக்கவில்லை, நான்தான் தேய்த்துக் கிழித்தேன். தேய்த்த உப்புத்தாள் துண்டையும் அங்கேயே மடித்து வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். சொரசொரப்பெல்லாம் போய் வெறும் துணி மாதிரி ஆகிவிட்டது. அது என் அக்காவின் கையில் தேய்ந்த தாள்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் கடைத்தெருவில், ரயில் நிலையத்துக்கு ஏறும் வழியில், அக்காவின் கணவர் பெயர் வெட்டும் கடை வைத்திருந்தார். பங்களா வாசலுக்குப் பித்தளைப் பலகை, தோட்டத்து விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம், கல்யாணப் பாத்திரம், கோயில் விளக்கு என்று எல்லாம் வரும். அத்தான் முன்கடையில் உட்கார்ந்து உளியால் எழுத்து வெட்டுவார். பிறகு சாமான் பின்கட்டுக்குப் போகும். அக்கா எழுத்தின் பள்ளத்தில் கறுப்பு அரக்கை உருக்கி நிரப்பி, மேலே வழிந்ததை உப்புத்தாளால் தேய்த்து, மெருகு போட்டுக் கொண்டுவருவாள். உளி பிடிப்பது அத்தானின் வேலை, தேய்ப்பது அக்காவின் வேலை என்றுதான் நானும் ஊரும் நினைத்திருந்தோம்.

நான் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் கிளாக்கராக இருந்தவன். சுதந்திரம் வந்து சில வருடங்களில் தோட்டம் கைமாறியது, என் வேலையும் போனது. இருபத்தாறு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா வீட்டில் வந்து இறங்கினேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட உடம்பு கூசியது. அந்தச் சமயம் பார்த்து டிக்கோயாப் பக்கத்துச் சில தோட்டங்கள் சேர்ந்து, எல்லாப் பலகைகளையும் மாற்ற விலை கேட்டிருந்தன. அத்தானோ எந்தக் காலத்திலோ வைத்த எழுத்து விலையையே சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து வரும் அரக்கும் உப்புத்தாளும் விலை ஏறிக்கொண்டே போயின. ஓர் எழுத்துக்கு உண்மையில் எவ்வளவு சாமான் செலவாகிறது என்று தெரியாமல் விலை சொன்னால் முதலுக்கே மோசம் என்று நான் எடுத்துச் சொன்னேன். தெரிந்த ஒரே வித்தையைக் காட்ட இடம் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

அக்கா எடுத்துக் கொடுத்த இரண்டு பலகைகளை வைத்து, ஒரு பலகைக்கு எவ்வளவு தாள், எவ்வளவு அரக்கு என்று அளந்துகொண்டேன். சனிக்கிழமைதோறும் அரக்குக் கட்டியை நிறுத்தேன், தாள்களை எண்ணினேன். மூன்றாம் வாரமே கணக்கு இடித்தது. பத்துப் பலகை வேலைக்குப் பதினாறு பலகையின் சாமான் போயிருந்தது. அக்காவை நான் சந்தேகப்படவில்லை என்று சொன்னால் அது பொய். பாத்திரக் கடைக்காரர் பின்வாசலில் நின்று அவளோடு பேசுவதை இரண்டு தடவை பார்த்திருந்தேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது, புத்தகத்தை விரித்து அத்தானிடம் வாசித்தேன்.

"சாமான் வெளியில போகுது அத்தான். கணக்கு பொய் சொல்லாது."

அக்கா மாவுக் கையோடு நிமிர்ந்து அவரைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"நான்தாங்க எடுத்து வித்தேன், கைச்செலவுக்கு."

கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. அத்தான் கையை நீட்டினார். "சாமான் அலமாரிச் சாவியக் குடு." அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அன்றே நான் புத்தகத்தில் 'குறைவு: அக்கா எடுத்தது' என்று மையால் எழுதி, அழுத்தி அடிக்கோடும் போட்டேன். கணக்கு நேரான திருப்தி எனக்கு. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

அதன்பிறகு அத்தான் சாவியை என்னிடம் தந்துவிட்டார். பலகைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தேன். அக்கா தேய்ந்த தாளையும் தூக்கிப் போடாமல் மடித்து மடித்துத் தேய்த்தாள். பரவாயில்லை, சிக்கனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குத்துவிளக்கு வந்தது. முந்தைய மழையில் தொழிலாளர் குடியிருந்த லயத்தின்மேல் மண் சரிந்து எட்டுப் பேர் போயிருந்தார்கள். அந்த எட்டுப் பேரின் பெயரையும் விளக்கின் அடித்தட்டில் வெட்டித் தரவேண்டும். தோட்டத்துச் சனம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்து வாங்கிய விளக்கு. அத்தான் வெட்டி முடித்து அது பின்கட்டுக்குப் போன அன்று அக்கா என்னிடம் வந்தாள்.

"தம்பி, இன்னும் நாலு தாள் மட்டும் குடுடா. இது ஒண்ணுக்கு மட்டும்."

"அளவு இதுதான்க்கா," என்றேன். ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை.

விளக்கை வாங்க ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்தார். மண்சரிவில் மகளைப் பறிகொடுத்தவர். படிக்கத் தெரிந்தவர். அடித்தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம் புள்ள பேரு மேல இன்னொருத்தர் பேரு ஏறிக் கெடக்குதுங்களே. அங்கயும் மண்ணுக்கடியில, இங்கயும் அடியிலதானுங்களா?"

நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. கண் தெரிகிற யாரும் அப்படி வெட்டமாட்டார்கள். அத்தான் விளக்கை வாங்கி, பார்க்காமலே, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். என்னிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். பூட்டின் துவாரத்தை விரலால் தேடித் திறந்தார். இருந்த தாள் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தார்.

"நீயே செஞ்சிரு. இத்தன நாளும் செஞ்சது நீதானே."

முன்கடையில், அத்தான் உட்காரும் பலகையில், அக்கா உட்கார்ந்தாள். தப்பான வரிகளைச் சுரண்டி, தாள் மாற்றி மாற்றித் தேய்த்து, வழவழப்பாக்கி, உளியை எடுத்து அந்தப் பெண்ணின் பெயரையும் மற்றவர் பெயரையும் தனித்தனி வரியில் வெட்டினாள். பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. எத்தனை தாள் போயிற்று என்று அன்றைக்கு நான் எண்ணவில்லை. கணக்கில் குறைந்த ஆறு பலகையின் சாமானும் இப்படித்தான் போயிருந்தது.

அவர் போனபிறகு அக்காவிடம் கேட்டேன், ஏன் வித்தேன் என்று சொன்னாய் என்று.

"அவருக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா கடைக்கு எவன் வருவான்? நான் திருடின்னா அது வீட்டோட போயிரும்டா."

கண் விஷயம் எப்படியும் பரவியது. டிக்கோயா வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. சில்லறை வேலைகளை அக்காவே முன்கடையில் உட்கார்ந்து பல வருடம் செய்தாள். என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அத்தானுக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்டதில்லை. சாவியை வாங்கிய அன்றே தெரிந்திருந்தால், திருடி என்று அவள் சொன்னபோது எப்படிச் சும்மா இருந்தார்? நினைத்தால் கோபம் வரும். அவள் வாயால் அதைச் சொல்ல வைத்தது யார் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

அக்கா இறந்தபிறகு அவள் சாமான்களுக்குள் இந்தத் தாள் துண்டு கிடைத்தது. அதைக்கொண்டுதான் புத்தகத்தில் நான் எழுதிய அந்த வரியை அழிக்கப் பார்த்தேன். அக்கா தேய்த்தால் பித்தளை பழையபடி ஆகும். நான் தேய்த்ததில் காகிதம் ஓட்டையாயிற்று. அன்றைக்கு அழுத்தி எழுதியதால் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இப்போதும் படிக்கலாம்: அக்கா எடுத்தது.