அக்காவின் முகத்துக்கு ஒரு சூளை நோட்டு

என் அக்காவின் முகத்தில் எத்தனை பருக்கள் இருந்தன என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் என்னிடம் இருக்கிறது. 2007, தை நான்காம் நாள், வியாழக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி: இருபத்து மூன்று. நெற்றியில் ஒன்பது, இடக் கன்னத்தில் ஆறு, வலக் கன்னத்தில் ஐந்து, முகவாயில் மூன்று. எண்ணியது நான். ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டு வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அப்பா விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை பார்த்தார். பியூஸ் கட்டையும் மின்கம்பத்து இன்சுலேட்டரும் சுடும் சூளை. மணிக்கொரு தடவை சூடு பார்த்து நோட்டில் எழுத வேண்டும். தேதி, மணி, சூடு, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். ஒரு முறை, அப்பாவின் கீழ் வேலை பார்த்த, அம்மாவுக்குத் தம்பி முறையான ஓர் ஆள், டீக்கடையில் உட்கார்ந்தபடியே மூன்று மணி நேரத்துச் சூட்டை மனத்தில் தோன்றியபடி எழுதிவிட்டார். சூளையைத் திறந்தபோது இன்சுலேட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அப்பா அவரை அன்றே வேலையை விட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணம் சாவு எதற்கும் நாங்கள் போனதில்லை. சூளை நோட்டில் பொய் எழுதுவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் வீட்டில் கிடையாது.

அக்கா எங்கள் ஊரிலேயே செராமிக் டிப்ளமா மூன்றாம் வருடம் படித்தாள். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. அந்தப் பொங்கலுக்கு, சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்த்தார். லீவில் வந்திருந்தார். மாசி முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் பெண்ணைப் பார்த்து, பிடித்தால் கல்யாணத்தையும் முடித்துவிட அவசரப்பட்டார்கள். சிக்கல் என்னவென்றால், தரகர் அவர்களிடம் காட்டியிருந்தது அக்கா பதினொன்றாம் வகுப்பில் எடுத்துக்கொண்ட போட்டோ. அதில் அவள் முகம் கழுவி வைத்த பீங்கான் தட்டுப்போல இருந்தது. ஆகவே அக்காவின் முகம் மாசிக்குள் அந்தப் போட்டோவுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

“ஏப்ரல்ல பரீட்சம்மா. அது முடியட்டும், அப்பறம் யாரு வேணா வரட்டும்” என்று அக்கா அடுப்படியில் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

கூடத்தில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பா அம்மாவிடம் பதில் சொன்னார். “பரீட்ச வருசா வருசம் வரும். மாப்ள லீவு வருசா வருசம் வராது.”

அக்கா வயதுக்கு வந்த பிறகு அப்பா அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், அல்லது சுவரிடம். முகம் தெளிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி நான். கம்பெனியிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “தெனம் ஒரே நேரத்துல பாக்கணும். என்ன பூசுனாங்க, என்ன சாப்ட்டாங்க, எல்லாம் குறிப்புல வரணும். பாத்துதான் எழுதணும்” என்றார். ‘சூடு’ என்ற தலைப்பை அடித்துவிட்டு ‘பரு’ என்று எழுதப் போனேன். அத்தை தடுத்தாள். பருவும் சூட்டில் வருவதுதானே, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அத்தை என்பது அப்பாவின் அக்கா. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வைத்தியம் செய்வதற்கென்றே வந்து தங்கினாள். வந்தவுடன், கோயில் பிரசாதமான கோரைக்கிழங்கு உருண்டையை அக்காவின் வாயில் போட்டாள், பெருமாளே பாதி வேலையைப் பார்த்துவிடுவார் என்று. மீதி வேலைக்கு ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தாள். விடிந்ததும் வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு. சோப்பு கூடாது, பயத்தமாவுதான். பகலில் திருநீற்றுப்பச்சிலையைக் கசக்கிப் பருவின் மேல் சாறு. சாயங்காலம் வேப்பங்கொழுந்தும் மஞ்சளும். படுக்கும் முன் சாதிக்காயைப் பாலில் இழைத்துப் பொட்டுப் பொட்டாக. குடிக்க வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர். தலையணை உறையைத் தினமும் மாற்ற வேண்டும், கை முகத்துக்குப் போகக் கூடாது. முட்டை, கருவாடு, வேர்க்கடலை, எள், அப்பளம், எண்ணெயில் பொரித்த எதுவும் ஆகாது. சுரைக்காய், பூசணி, வெள்ளரி, கீரை ஆகும்.

அக்காவை எதிரில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் தின்றால் பாவம் என்று அம்மா முடிவு செய்ததால் பத்தியம் வீடு முழுவதற்கும் ஆனது. எனக்குச் சனிக்கிழமை முட்டைப் பொரியல் போயிற்று. தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிடைத்துவந்த கடலை உருண்டையும் போயிற்று. பரு போனால்தான் முட்டை வரும் என்பது எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. வேறு எதுவும் புரியவில்லை.

காலையில் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் அக்கா தரையில் உட்காருவாள். நான் முட்டி போட்டு, பென்சில் முனை படாமல் ஒவ்வொன்றாகக் காட்டி வாய்விட்டு எண்ணுவேன். “மெதுவாடீ. கண்ணுல குத்திடாத, அப்பறம் குருட்டுப் பொண்ணுன்னு வேற போட்டோ எடுக்கணும்” என்பாள். ஒரு நாள், “நல்லா எண்ணிப் பழகிக்க. உனக்கும் வரும்” என்றாள். எனக்கு வராது என்றேன், நான் அருகம்புல் குடிக்கிறேனே.

வைத்தியம் வேலை செய்தது என்பதை அத்தைக்காக இங்கே பதிவு செய்ய வேண்டும். தை எட்டில் இருபது. பன்னிரண்டில் பதினேழு. பதினைந்தில் பதினான்கு, அதில் நான்கு காய்ந்தவை. அப்பா வேலை முடிந்து வந்ததும் நோட்டைத்தான் முதலில் கேட்பார். எண்களின் மேல் விரல் வைத்துக்கொண்டே கீழே இறங்கி, தலையாட்டிவிட்டு மூடுவார். தை பதினேழாம் நாள் தரகர் வந்து டீ குடித்துவிட்டு, இந்த மாதமே நாள் பார்த்துவிடலாமா என்று கேட்டுப் போனார்.

மறுநாள் அக்கா கல்லூரியிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டில் நிறைய வெள்ளை மண் கரைசல் கொண்டுவந்தாள். அச்சில் ஊற்றிப் பொம்மையும் கிண்ணமும் செய்கிற கரைசல் அது. பால்போலக் குளிர்ந்து, வழவழவென்று இருந்தது. “கடையில முல்தானி மட்டின்னு பாக்கெட் போட்டு விக்கிறாங்க. நம்ம ஊர்ல லாரி லாரியா வந்து எறங்குது” என்றாள். அம்மா தயங்கினாள். அத்தை விரலில் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சிதான், பூசட்டும் என்றாள். அப்பா சூளைக்காரர், மண் கலக்கிற கொட்டகைப் பக்கம் போகாதவர். மண்ணில் என்ன இருக்கிறது, எல்லாம் சூட்டில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வீதிக்கு நாலு செராமிக் குடும்பம் இருக்கிற ஊரில் மண்ணைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

அக்கா அதைக் கெட்டியாகப் பூசிக்கொண்டு, முழுதும் காய்ந்து வெடிப்பு விடும்வரை உட்கார்ந்திருந்தாள். வாயை அசைக்காமல் படித்தாள்.

தை பத்தொன்பதாம் நாள் ‘சூடு’ என்ற கட்டத்தில் ‘எண்ண முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். முகம் முழுவதும் சிவந்து, கன்னங்கள் தடித்து, முகவாயில் தோல் உரிந்திருந்தது. அம்மா சோற்றுக் கற்றாழையை வெட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அத்தை, அரை மணியில் கழுவியிருக்க வேண்டும், காயவிட்டதுதான் தப்பு என்றாள். தரகரிடம் பத்து நாள் போகட்டும் என்று சொன்னார்கள்.

கற்றாழையிலும் பாலாடையிலும் முகம் தேறியது. தை இருபத்தேழில் பதினைந்து. அன்று தரகர் மறுபடி வந்தார். மறுநாள் அக்கா மறுபடி மண் பூசினாள். போன தடவை கொண்டுவந்தது பொம்மைக்கு ஊற்றுகிற மண், இது கிண்ணத்துக்கு ஊற்றுகிற மண், இது வேறு என்றாள். வேறாக இல்லை, முகம் மறுபடி சிவந்தது. காயும் முன்பே அம்மா கழுவிவிட்டதால் இந்தத் தடவை தோல் உரியவில்லை. அன்றே அம்மா பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவி, எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

மாசி பிறந்தது. இரண்டாம் நாள், புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் என் வகுப்பில் ஒருத்தி முட்டைத் தொக்கு கொண்டுவந்திருந்தாள். நான் சுரைக்காய்க் கூட்டு கொண்டுபோயிருந்தேன். அந்த வாசனை இரவெல்லாம் மூக்கில் இருந்தது. காலையில் அக்காவை உட்கார வைத்து எண்ணினேன். பதினொன்று. நோட்டில் நான்கு என்று எழுதினேன்.

டீக்கடையில் உட்கார்ந்து சூடு எழுதியவரின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் பரு எப்படியும் குறையத்தான் போகிறது, நான் இரண்டு மூன்று நாள் முந்தி எழுதுகிறேன், அவ்வளவுதான் என்று சமாதானம் செய்துகொண்டேன். இதில் அக்காவுக்கும் நன்மைதானே என்றும் நினைத்தேன். எல்லோரும் சேர்ந்து பாடுபடுவது அவள் முகம் தெளியத்தானே.

சாயங்காலம் அப்பா நோட்டைப் பார்த்தார். நான்கின் மேல் விரல் நின்றது. உடனே தரகருக்குப் போன் செய்தார். “ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. இனிமே தள்ளிப் போட ஒண்ணுமில்ல” என்றார்.

அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். அப்பா நான்கு அடி தூரத்தில் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் காலை எழுதுவதற்கு நோட்டைத் திறந்தபோது, என் நான்குக்குப் பக்கத்தில், குறிப்புக் கட்டத்தின் ஓரத்தில், பென்சிலால் லேசாக ‘11’ என்று எழுதியிருந்தது. அக்காவின் கையெழுத்து. என்னை மாட்டிவிடத்தான் எழுதியிருக்கிறாள் என்று எனக்குக் கடுங்கோபம் வந்தது. அப்பா ராத்திரி மறுபடி நோட்டைத் திறக்காதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ரப்பரில் எச்சில் தொட்டு அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, அவர் அம்மா, தரகர் மூவரும் வந்தார்கள். அன்று அக்காவின் முகத்தில் ஒன்பது. பவுடருக்கு மேலும் தெரிந்தது. அப்பா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பருதான? எங்க வூட்டுப் பொண்ணுக்கும் இருந்துச்சு. ஒரு புள்ள பொறந்தா தானா போயிடும். இதுக்கா இவ்ளோ நாளு இழுத்தீங்க?” பழக்க தோஷத்தில் மாப்பிள்ளையையும் எண்ணினேன். வலக் கன்னத்தில் மட்டும் ஏழு.

மாசி முடியும் முன்பே பழமலைநாதர் கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பங்குனியில் விமானம் ஏறினார். ஏப்ரல் பரீட்சைக்கு அக்கா வரவில்லை. புருஷன் ஊரில் இல்லாதபோது பெண் தினம் பஸ் ஏறிப் போய் வருவது சரியில்லை என்று அங்கே சொன்னார்களாம். அடுத்த வருடமும் ஏதோ காரணம். அதற்கடுத்த வருடம் குழந்தை. பரு என்னவோ அவள் மாமியார் சொன்னபடியே போய்விட்டது.

எனக்குப் பதினைந்து வயதில் பரு வந்தபோது யாரும் எண்ணவில்லை. அத்தையின் பட்டியலில் பாதியை நானே செய்துகொண்டேன். படிப்பை முடித்தேன்.

போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை இறக்கியபோது பரணிலிருந்து அந்த நோட்டு கிடைத்தது. வெள்ளை மண் பூசிய இரண்டு நாளுமே தரகர் வந்து போனதற்கு மறுநாள் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. இரண்டையும் பார்த்து எழுதியவள் நானே. அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது புருஷனோடு துபாயில் இருப்பவள் சமையலுக்கு நடுவில் எடுத்தாள். அந்த மண் எரியும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியாம என்னடீ. மண்ணு கெட்டியாவாம ஓடுறதுக்கு அதுல சோடியம் சிலிகேட் போடுவாங்க. கையில பட்டா உடனே கழுவணும்னு ரெண்டாம் வருசமே பாடம்” என்றாள். பிறகு, குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. மாசி இரண்டாம் நாளின் வரிசையில் என் நான்கு மசியில் திடமாக நிற்கிறது. அதன் பக்கத்தில் தாள் நைந்து, விளக்குக்கு நேராகப் பிடித்தால் அக்காவின் பதினொன்று பள்ளமாகத் தெரிகிறது. அன்று அவள் வாயைத் திறந்து ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் போதும். அப்பா போனை மறுபடி எடுத்திருப்பார். என்னை என்ன செய்திருப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அழிக்க வசதியாகப் பென்சிலில் எழுதி, காலையில் நான் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தாள். வேலையிலிருந்து அப்பா வருவதற்குள் நானே மசியில் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு பகல் முழுவதும் இருந்தது.

அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன அடுத்த சனிக்கிழமை அம்மா முட்டை பொரித்தாள். அக்கா தன் பங்கையும் என் தட்டில் வைத்தாள். அவளுக்கு இன்னும் பத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டையும் தின்றேன்.