நாலரை மணித் தண்ணீர்

திருப்பதியில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆலைகளிலிருந்து வரும் விஷக் கழிவைப் புதைத்து வைக்க நகரத்துக்கு எட்டும் தூரத்தில் தோதான நிலம் எது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அதில் என் பங்கு கிணறுகள். தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளப்பேன். ஆழத்தில் இருந்தால் அந்த இடத்துக்கு மதிப்பெண் கூடும். மேலே இருந்தால் குழியில் கசிவது சீக்கிரம் அதில் கலந்துவிடும், மதிப்பெண் குறையும்.

ஒருமுறை மூன்று இடங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. பாகாலா, பிச்சாட்டூர் பக்கத்து இடங்களை முந்தின இரண்டு நாளும் காலையிலேயே போய் அளந்துவிட்டேன். மூன்றாவது வரதய்யபாளையத்துக்கு அப்பால் ஒரு மேட்டு நிலம். பஸ் மாறிப் போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. மோட்டார் ஓடும்போது அளந்தால் கணக்கு தப்பும் என்பதால், நாலு மணிக்கு விவசாயக் கரண்டு நிற்கும்வரை புளியமரத்தடியில் காத்திருந்தேன். சத்தம் அடங்கி அரை மணி கழித்து அளவு நாடாவை இறக்கினேன்.

முதல் கிணறு, மேட்டு நிலத்தை ஒட்டிய வேர்க்கடலைக் கொல்லையில் இருந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி தனியாகப் பயிர் வைத்திருந்தாள்.

"இன்னா சார், கெணத்துல எதனா போட்டுட்டீங்களா? அப்டி எட்டிப் பாத்துக்கினு கீறீங்க?"

"தண்ணி அளக்கறேம்மா."

"அளந்து இன்னா பண்ணப் போறீங்க, வீட்டுக்கு எடுத்துக்கினு போவப் போறீங்களா?" என்று சிரித்தாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். "காலீல ஏழு மணிக்கு முன்னாடி வந்திருந்தா நாலு படி எறங்கி நீங்களே கையால மொண்டு குடிச்சிருக்கலாம். மோட்டார் உறிஞ்சிப் போட்டுது."

எதற்காக அளக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி.

ஆழம் ஒன்பது மீட்டர் அறுபது. மற்ற கிணறுகளிலும் ஏறக்குறைய அதே. வரைவு அறிக்கையில் அந்த இடம் முதலாவதாக வந்தது.

நான் தனி ஆள். வீட்டில் என்னோடு பேச யாரும் இல்லை என்பதால், அன்றன்று என்னிடம் யார் என்ன பேசினார்கள் என்று தினமும் மாலையில் டயரியில் எழுதி வைப்பது பழக்கம். பல நாட்களில் ஒரு வரியோடு முடிந்துவிடும். அறிக்கை போக மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேச்சு அரைப் பக்கத்துக்கு இருந்தது. நாலு படி என்ற இடத்தில் நின்றேன். அலுவலகக் களப் புத்தகத்தில் ஆழத்துக்குக் கட்டம் உண்டு, நேரத்துக்குக் கட்டம் இல்லை. என் டயரியில் நேரம் இருந்தது: மாலை 4.30. பகலெல்லாம் இறைத்த கிணறு அரை மணியில் ஊறிவிடுமா? சத்தம் நின்றதும் தண்ணீரும் நிலைக்கு வந்துவிட்டதாக நான் எண்ணியிருக்கிறேன்.

மறுநாள் அலுவலகத்தில் செவ்வாய்க்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே வரதய்யபாளையம் போய் ஓர் அறையில் தங்கி, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தக் கொல்லையில் இருந்தேன். அதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அவள் கிணற்று மேட்டில் குடத்தோடு நின்றாள்.

"கம்பெனிக் கழிவ எங்க தலமேல கொட்டத்தான் அன்னிக்கி அளந்தியா?"

நான் நாடாவை இறக்கினேன்.

"அளந்துக்கோ. நான் குட்த்த தண்ணியையும் சேத்து அளந்துக்கோ."

நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் நாடா சுற்றியிருந்த பெட்டி கத்தியது. ஒரு மீட்டர் தொண்ணூறு. இரண்டாம் முறையும் இறக்கினேன். அதேதான். இந்த எண் உன் கொல்லையைக் காப்பாற்றும் என்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். அறிக்கையை நான் ஒருவன் முடிவு செய்வதில்லை, அப்படிச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. சுற்றி இருந்த மற்ற கிணறுகளையும் ஏழு மணிக்குள் அளந்து முடித்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. தாகமாக இருந்தது. பஸ் வரும்வரை பொறுத்துக்கொண்டேன்.

மேலாளர் இரண்டு அளவுகளையும் பார்த்துவிட்டுத் தெலுங்கில், "இப்புடு எந்துகண்டி இதி?" என்றார், இப்போது எதற்கு இது என்று. பிறகு தமிழில், "உங்க டயரிய யார் சார் கேட்டது?"

"யாரும் கேக்கல சார். ஆனா அளவுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கே. நேரத்தையும் சேத்துத்தான் போடுவேன்."

அறிக்கை ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த இடம் முதலிடத்திலிருந்து மூன்றாவதுக்கு இறங்கி, கடைசியில் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. மதிய உணவுக்கு என்னைச் சேர்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அதன் பிறகு வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள்.

பாகாலா பக்கத்து இடம் முதலாவதானது. அங்கே கரண்டு எத்தனை மணிக்கு வருகிறது என்று முன்பு நான் கேட்டிருக்கவில்லை. இரவில் வந்து இறைத்திருந்தால் நான் காலையில் எடுத்த அளவும் தப்புதான். அதனால் மறுபடி போனேன். முதல் கிணற்றருகே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். சொன்னார். பிறகு, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

எதற்காக வந்திருக்கிறேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பையில் பாட்டில் இருக்கிறது என்றேன். அன்றைய டயரியில் அவர் கேட்ட அந்த ஒரு வரிதான் இருக்கிறது.