சொரசொரத்த இலைக் கன்றுகள்

அன்னம்மா அக்கா மாவ்பி ஊரில் மகள் வீட்டில் காய்ச்சலில் இறந்துபோய்விட்டார் என்று காய்கறி வண்டிக்காரர் சொன்னபோது, கன்று நட மூங்கில் குழாயில் மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த குழாயை நிரப்பி முடித்த பிறகுதான் அழுதேன். அக்காவும் அப்படித்தான் செய்திருப்பார்.

ரங்கூன் நாற்றுத் தோட்டத்தில் அவரோடு பாத்தி போட்ட கூட்டாளிகளான உங்களுக்கு அவருடைய வாய் தெரியும். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்த எனக்கோ பேசவே கூச்சம். "இவகிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள வெதை மொளைச்சிடும்" என்று சிரிப்பார்.

தோட்டத்து மூலையில் நின்ற தைலமரத்தின் விதையை அவர்தான் சாம்பலில் கலந்து தூவினார். தூள் போன்ற விதை, கலக்காவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். முளைத்த கன்றுகளின் இலை அகலமாக, ரோமம் படர்ந்து சொரசொரத்தது. பெரிய மரத்தின் இலையோ நீண்டு, வழுவழுவென்று, அரிவாளாக வளைந்திருந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "களை வெதையைப் போட்டிருக்கே. எல்லாத்தையும் பிடுங்கிட்டு நாளையிலேருந்து வராதே" என்றார்.

"பெரிய மரம் மாதிரியே எலுமிச்சை வாசம் வருதே, மொதலாளி."

"வாசனைப்புல்லும்தான் அப்படி மணக்குது. அதுவும் மரமா?"

"நான் போட்டது, நானே பிடுங்குறேன்" என்று அக்கா பாத்தியருகே குந்தினார். அவர் குரல் தழுதழுத்து நான் கேட்டது அன்றுதான்.

பெரிய மரத்தில் ஒரு கிளையை அதற்கு முந்தின மாதம் வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் துளிர் விட்டதைத் தண்ணீர் சுமக்கும்போது பார்த்திருக்கிறேன். ஓடிப்போய் ஒன்றை ஒடித்து வந்து அக்காவிடம் நீட்டினேன். அதே அகல இலை, அதே ரோமம்.

அவர் கன்றையும் துளிரையும் மாறி மாறித் தடவினார். "அடியே, எளசுல இப்படித்தான் இருக்குமா!" என்றவர் என்னை முன்னால் தள்ளினார். "நீ பாத்தது, நீதான் சொல்லணும். எலை வந்து பேசுமா?"

சொன்னேன். வார்த்தை நடுங்கவில்லை. முதலாளி துளிரை வாங்கிக் கசக்கி முகர்ந்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். மறுநாளும் அக்கா வேலைக்கு வந்தார்.

அன்று பிழைத்த கன்றுகள் இப்போது என்னைவிட உயரம். மேலே நீண்ட இலை வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் சொரசொரத்த நாற்றைக் களையென்று பிடுங்கக் கை வைத்தால், நான்தான் முதலில் குரல் கொடுக்கிறேன். பாத்திக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் அது கேட்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்தக் குரல்.