கொக்கின் கால் எலும்பு

தங்கைக்கு வரன் பார்த்தபோதுதான் கொக்கு என்ற பெயரை முதலில் கேட்டேன். முடிவெட்டும் கடைக்காரர். உடம்பின் பாரத்தையெல்லாம் இடது காலில் இறக்கிவிட்டு, வலது காலைச் சும்மா தொங்கவிட்டுத்தான் கத்தரி பிடிப்பாராம். "கல்யாணத்தன்னைக்காவது ரெண்டு காலையும் ஊனுவாரா?" என்று கேட்டாள் தங்கை. ஊன்றினார். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலை தேடிப் போனார்கள்.

அதற்கப்புறம் வண்டி மோதி முறிந்தது அந்த இடது கால்தான். தகடு வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். எலும்பு ஒட்டவே இல்லை, மேலே புண்ணும் ஆறவில்லை. நின்று பிழைக்கிற தொழிலாயிற்றே. கடையைக் கைமாற்றிவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா புது வைத்தியம் சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து அவருடைய மஜ்ஜையையே உறிஞ்சி, களிம்பு மாதிரி ஒன்றோடு குழைத்து, எலும்பு விட்டுப்போன இடத்தில் நிரப்புவார்களாம்.

"இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. கண்டிப்பா ஒட்டும்னு என்னால சொல்ல முடியாது. நான் சொல்ற வரைக்கும் அந்தக் காலை ஊனவே கூடாது."

"என் சரக்கை எடுத்து எனக்கே வைக்கிறீங்க. ஒத்து வரலன்னா திருப்பித் தருவீங்களா?" என்றார் கொக்கு. டாக்டரம்மா சிரிக்கவில்லை. எங்களுக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

சம்மதித்து வைத்துக்கொண்டார். புண் ஆறியது. எக்ஸ்ரேயில் புகை மாதிரி எலும்பு படர்ந்திருந்தது. அந்தத் தைரியத்தில், சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து கடையைத் திறந்துவிட்டார். தங்கையோடு சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்தேன். முடிவெட்ட வந்த ஒருத்தரின் பிடரியை முடித்துவிட்டு அவர் காதோரத்துக்கு ஸ்டூலோடு நகரும்போது, இடது கால்தான் தரையை உந்துகிறது.

"தம்பி, எந்தக் கால்ல தள்ளுறீங்க?" என்றேன்.

குனிந்து பார்த்தார். காலைச் சட்டென்று தூக்கிக்கொண்டார். "உட்கார்ந்துதானேக்கா இருக்கேன்..."

"உடம்புதான் உட்கார்ந்திருக்கு. பழக்கம் எங்க உட்கார்ந்துச்சு?" என்றாள் தங்கை.

அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு ஒரு பக்கம் சேர்ந்திருந்தது, மறுபக்கம் விட்டுப்போயிருந்தது. "சதை நல்லா கூடியிருக்கு. எலும்பு பாதிதான். தள்ளினதாலயா, மருந்தே அவ்வளவுதானா, எனக்கே தெரியல," என்றார் டாக்டரம்மா. வீடு வரும்வரை யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கும் உடம்பில் வலு வேண்டுமே.

கடையைக் கைமாற்றவில்லை. ஊன்றுகோலோடு போய் வருகிறார். ஸ்டூலின் சக்கரங்களைத் தங்கை கழற்றிப் போட்டுவிட்டாள். இப்போது அவர் இருந்த இடத்திலிருந்தே முடிவெட்டுகிறார். பக்கத்தில் நின்று, வந்தவர்களின் நாற்காலியை அவள் திருப்பிவிடுகிறாள்.