மிரேய் கோழி வாங்கப் போனது

லா சார் வட்டாரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற எங்களில் மிரேய்தான் யாரையும் நம்பாதவள். பிரேக் சரியாக இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னாலும், டார்ச்சோடு பனியில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். யாராவது கேக் கொடுத்தால், "இப்ப எதுக்கு?" என்பாள். நோர்மான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோதுகூட, இரண்டு குளிர்காலம் அவனைக் கவனித்துவிட்டுத்தான் சம்மதித்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

நோர்மான் மர ஆலையில் வேலை செய்கிறவன். முதல் மனைவி இறந்துபோய்விட்டாள். பெரிய மகள் ஆனூக்கிற்கு ஒன்பது வயது, சின்னவள் மயேலுக்கு ஆறு. இரண்டு பேரும் மிரேயை நம்பவில்லை. அவள் வைத்த பட்டாணி சூப்பை ஆனூக் முகர்ந்து பார்ப்பாள். தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பாள்.

"அப்படியே என்னை மாதிரி இருக்குதுங்க," என்று மிரேய் என்னிடம் சொன்னாள். குறையாகச் சொன்னாளா, பெருமையாகவா என்று எனக்குத் தெரியவில்லை.

நோர்மான் வீட்டில் முன்பு கோழிகள் இருந்தன. நிறைய முட்டை இடும் என்று வாங்கிய ஒல்லியான, பெரிய கொண்டைக் கோழிகள். ஒரு ஜனவரியில் கொண்டை நுனியெல்லாம் உறைந்து கறுத்து உதிர்ந்தது. சேவல் பாய்ந்து மயேலின் கன்னத்தைக் கீறியது. தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படியும் அவள் மறுபடி கோழி கேட்டாள். "இந்தத் தடவை கொத்தாத கோழி. மடியில உக்கார்ற கோழி."

ஊரில் எல்லாரும் வசந்தத்தில்தான் குஞ்சு வாங்குவார்கள். மிரேய் குளிர் உச்சத்தில் இருந்த வாரத்தில், பின்பக்கம் மூடி போட்ட என் சொந்த வண்டியை எடுக்கச் சொன்னாள்.

"மே மாசத்துல எல்லாக் கோழியும் நல்லாத்தான் இருக்கும். இப்ப எப்படி நிக்குதுன்னு பாக்கணும்."

"ஒவிலாவுக்கு ஒரு போன் பண்ணிடலாமா?" என்றேன்.

"சொல்லிட்டுப் போனா எல்லாத்தையும் மறைச்சு வச்சிருவாரு."

ஒவிலா வயசான கோழிப்பண்ணைக்காரர். முழங்கால் வரை தொங்கும் கோட்டோடு, ஒரு கையை அதன் பைக்குள் விட்டுக்கொண்டே வந்து கொட்டகையைத் திறந்தார். மிரேய் முதலில் காற்றை முகர்ந்தாள். ஈர வாடை இல்லை. பிறகு ஒரு கோழியைப் பிடித்துக் கொண்டையில் விரலை ஓட்டினாள்.

"வேசலின் தடவியிருக்கீங்க."

"குளிருக்குத் தடவுறதுதாம்மா. நீ உதட்டுக்குத் தடவலையா?"

அவள் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள். அடியில் கறுப்பு இல்லை. அது அவளுக்கு ஏமாற்றமாகவே இருந்தது போலிருந்தது.

பொன்னிறத்தில் கொழுகொழுவென்றிருந்த ஆர்பிங்டன் சாதிக் கோழிகள் ஒவிலாவின் காலைச் சுற்றின. ஒன்று அவருடைய பூட்ஸ் மேலேயே ஏறி நின்றது. "பாத்தியா, நாய்க்குட்டி மாதிரி," என்றார். மிரேய் கோழியைப் பார்க்கவில்லை, அவருடைய பையைப் பார்த்தாள்.

"கோட்டைக் கழட்டுங்க."

"மைனஸ் முப்பத்திரண்டும்மா!"

"என்னோடதப் போட்டுக்குங்க."

ஒவிலா முணுமுணுத்துக்கொண்டே அவளுடைய ஊதா கோட்டுக்குள் நுழைந்தார். கோட்டின் கை அவருடைய முழங்கையோடு நின்றுவிட்டது. கோழிகள் அவரை விட்டுவிட்டு, அவர் கோட்டைக் கையில் வைத்திருந்த மிரேய் பின்னால் ஓடின. அவள் பையைக் கவிழ்த்தாள். சோளம் கொட்டியது.

"அப்பவே நெனச்சேன்."

மூலையில் சில வெள்ளைக் கோழிகள் இந்தக் கூத்து எதையும் கவனிக்காமல் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தன. கொண்டை சட்டைப் பொத்தான் அளவுதான். உறைவதற்கு அங்கே ஒன்றுமில்லை. "சாந்தக்ளேர்," என்றார் ஒவிலா. "நம்ம குளிருக்குன்னே உண்டாக்குன சாதி. ஆனா மடியில உக்காராது."

"நடிக்காதுல்ல? அது போதும்." ஆறு வாங்கினாள்.

அவை குளிரை ஜெயித்தன. முட்டையும் இட்டன. ஆனால் பிள்ளைகள் கோழிக் கொட்டகைக்குள் போனதும் எல்லாம் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. மயேல் கவிழ்த்த வாளிமேல் விரல் சிவக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"உன் கோழிங்களுக்கு எங்களப் பிடிக்கல," என்றாள் ஆனூக். அந்த 'உன்' மிரேயைத் தைத்துவிட்டது.

டிப்போவில் இன்ஜினைச் சூடாக்கும்போது இதை என்னிடம் சொன்னாள்.

"கொஞ்சம் சோளம் குடுத்தாத்தான் என்ன?" என்றேன்.

"அது ஏமாத்து."

"நோர்மான் ரெண்டு வருஷமா உனக்கு டோனட் வாங்கிட்டு வந்தானே, அது என்ன?"

அவள் தன் பேருந்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சனிக்கிழமை, "வண்டிய எடு," என்றாள்.

ஒவிலா கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "இன்னைக்கு எதைக் கழட்டணும்?"

"எதுக்குச் சோளம் வச்சிருக்கீங்க?"

"குஞ்சா இருந்தப்பலேர்ந்து என் கையிலதான் தின்னுது. அதனால கையைக் கண்டா பயமில்ல. இதுல என்னம்மா திருட்டு? வேற எப்படிப் பழகும்?"

மிரேய் நேராகக் கொட்டகைக்குள் போனாள். மூன்று பொன்னிறக் கோழிகளை எடுத்துக்கொண்டாள். நாய்க்குட்டி மாதிரி என்று அவர் புகழ்ந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

அன்றே ஒரு கோழி மயேலின் மடியில் ஏறிக் கண்ணை மூடியது. மிரேய்க்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு சும்மா இருந்தா அது சீக்கு," என்று தூக்கி அலகைத் திறந்தாள், வாயை முகர்ந்தாள், கழுத்தடியில் தீனிப்பையை அமுக்கினாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

"அது தூங்கிட்டு இருந்துச்சு!" என்று மயேல் கத்தினாள். கோழி சிலிர்த்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

மிரேய் அங்கேயே நின்றாள். அவளுக்கு இப்படித் தலை குனிந்து நிற்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனூக் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தீனித் தட்டிலிருந்து சோளம் அள்ளி மிரேயின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"உக்காரு. கையை ஆட்டாத."

கோழி வர வெகு நேரமாயிற்று. வந்தது.

"கொத்துது," என்றாள் மிரேய்.

"கொத்தல. தின்னுது."

பனி உருகுவதற்குள் வெள்ளைக் கோழிகளும் ஆனூக்கின் கைக்கு வந்துவிட்டன, ஓடுவதற்கு ஒரு காலைத் தயாராக வைத்துக்கொண்டு. ஒன்று மட்டும் இன்றுவரை யார் கையிலும் தின்னவில்லை. அதன்மேல் மிரேய்க்குத் தனி மரியாதை.