முதல் வரியில் பிள்ளையார் சுழி

விண்டோஸில் ஓடும் ஸ்கிரிப்டை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, லினக்ஸிலும் ஓடவைப்பது என் பிழைப்பு. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு, பெட்டி லேபிள்களை அச்சடிக்கும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். மேனேஜர் அறையில் விண்டோஸ், பேக்கிங் மேசையில் லினக்ஸ். இரண்டு இடத்திலும் ஒரே ஃபைல்தான் ஓடும். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று, பேக்கிங்கில் ஒரு லேபிளும் வரவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். பேக்கிங் மேசையில் பட்டனைத் தட்டி லேபிள் எடுத்து ஒட்டுபவள்; கல்லாவியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி, கிறிஸ்தவப் பெண். பூஜையில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கச் சொன்னபோது ஒதுங்கி நின்றாளாம்.

"பூஜையில ஒட்டாத கை பட்டா மிஷின் எப்பிடி ஓடும்? நாளையிலருந்து வேற ஆளப் போடச் சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். அவளையும் பேக்கிங் ஆட்களையும் வைத்துக்கொண்டேதான் சொன்னார்.

"நானு எப்பவும் போல பட்டனத் தட்டுனேன், அவ்ளோதாங்க சார்" என்றாள் அவள்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். முதல் வரியில் '# உ' என்று இருந்தது. பூஜையன்று மேனேஜர் தன் அறையில் உட்கார்ந்து பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார். முன்னால் # போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைச் சட்டை செய்யாது என்பது வரைக்கும் ஐயாவுக்குத் தெரியும். விண்டோஸில் அது போதும். லினக்ஸோ, இதை எந்த மென்பொருளில் ஓட்டுவது என்பதை முதல் வரியில் மட்டுமே தேடும். அதைச் சொல்லும் வரியை இவருடைய சுழி கீழே தள்ளிவிட்டது. பாதிக் கிணறு தாண்டிய படிப்பு, விழுந்தது என்னவோ அவள் தலையில்.

சுழியை இரண்டாம் வரிக்கு இறக்கினேன். லேபிள்கள் சரசரவென்று வந்தன. நடந்ததை எல்லோர் முன்னாலும் உரக்கவே சொன்னேன்.

"பாத்தியா, சுழி உள்ள இருந்ததாலதான் உடனே சரியாச்சு" என்று மேனேஜர் சிரித்தார். மனிதருக்கு வெட்கம் என்பதே கிடையாது.

அவள் நகரவில்லை. "என்னாலதான்னு எல்லாரும் கேக்கச் சொன்னீங்க சார். இல்லைன்னும் அதே மாதிரி சொல்லிருங்க."

"அதான் ஓடுதில்ல? போம்மா, போய் வேலையப் பாரு."

சுற்றி நின்றவர்கள் பெட்டிகளின் மேல் குனிந்துகொண்டார்கள்.

அவளுக்கு வேலை போகவில்லை. இப்போதும் அதே மேசையில்தான் லேபிள் ஒட்டுகிறாள். பட்டனைத் தட்ட மட்டும் பொட்டு வைத்த வேறொருத்தி வருகிறாள்.